வேலனை அழைக்கும் முன்

சங்க இலக்கியத்தின் குறிஞ்சிப் பாடல்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. மகள் உண்பதில்லை, உறங்குவதில்லை, உடல் மெலிந்துகொண்டே போகிறது. தாய் பதறிப்போகிறாள். கட்டுவிச்சி குறி பார்த்து, இது முருகனால் வந்தது என்கிறாள். முருகனின் பூசாரியான வேலன் வருகிறான். களம் அமைத்து, ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு வெறியாடுகிறான். கூடியிருப்பவர்களில் உண்மை அறிந்தவள் ஒருத்திதான். அவள் தோழி. பெண்ணை வாட்டுவது தெய்வம் அன்று, மலைநாட்டுக் காதலனின் பிரிவு என்பது அவளுக்குத் தெரியும். இந்தச் சடங்கைப் பாடியே பெயர் பெற்றவர் வெறிபாடிய காமக்கண்ணியார்.

அந்தப் பாடல்கள் முருகனை மறுப்பவை அல்ல. முருகனைத் தொழும் சமூகம் தன்னைத் தானே பார்த்துச் சொன்னவை. ஊரே கூடி வந்து அவளுக்காக ஆடியது, ஆனால் 'உனக்கு என்ன ஆயிற்று' என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. அங்கே நேர்ந்த பிழை அதுதான்.

சிங்கப்பூரில் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே பயிற்சி பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போவதற்குள்தான் பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. மனநலக் கழகத்தின் மைதிலி சுப்பிரமணியம், சோங் சியாவ் ஆன் முதலிய ஆய்வாளர்கள் 2016இல் நாடு தழுவிய ஆய்வு ஒன்றைத் தொடங்கினார்கள். மனச்சோர்வு, இருதுருவக் கோளாறு, பதற்ற நோய்கள், மதுவால் வரும் கோளாறு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று ஏழு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது வந்திருந்தது. அவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் எந்த நிபுணரிடமும் போகவில்லை. கைகழுவலும் சரிபார்ப்பும் விடாமல் துரத்தும் எண்ணச் சுழற்சி நோயில், உதவி நாடியவர்களில் பாதிப் பேர் 11 ஆண்டுகளோ அதற்கும் மேலோ தாமதித்தே வந்தார்கள்.

அந்த ஆண்டுகளில் குடும்பங்கள் சும்மா இருப்பதில்லை. சீனக் குடும்பம் சாமியாடும் டாங்கியிடம் போகிறது, மலாய்க் குடும்பம் போமோ என்னும் நாட்டு வைத்தியரிடம் போகிறது. தமிழ்க் குடும்பம் சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மனுக்கு விளக்கேற்றுகிறது, ஜோதிடரிடம் ஜாதகத்தை நீட்டுகிறது, ஊருக்கு அழைத்துப் போய் மந்திரிக்கிறது. கிரகமா, செய்வினையா, முன்வினையா, நோயா? வீட்டுக் கதவை அடைத்துக்கொண்டு அவர்கள் மன்றாடிக் கேட்கும் கேள்வி இது. இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறவர்கள், ஒரு தாய் எந்த வேதனையில் இதைக் கேட்கிறாள் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. இது உண்மையான கேள்வி. துன்பம் ஏன் வந்தது, ஏன் என் பிள்ளைக்கு வந்தது என்று எல்லாச் சமயங்களும் கேட்டிருக்கின்றன.

மனநல மருத்துவர் கேட்பது வேறு கேள்விகளை. எப்போது தொடங்கியது? தூக்கம் எத்தனை மணி நேரம்? பசி உண்டா? யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறதா, அந்தக் குரல் என்ன சொல்கிறது? குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா? என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், குடிப்பழக்கம் உண்டா? சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா? இவற்றில் எதற்கும் பதில் சொல்ல நோயாளி தன் நம்பிக்கையைக் கைவிட வேண்டியதில்லை. நன்றாக நடக்கும் முதல் சந்திப்பின் பெரும்பகுதி கேட்பதிலேயே போகும். அதன் பிறகு இரத்தப் பரிசோதனை வரலாம். தைராய்டு சுரப்பி குறைந்தாலும் மனம் சோர்ந்துபோகும், வைட்டமின் பி12 குறைந்தாலும் நினைவு தடுமாறும். மூளையின் சில ஏற்பிகளை உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே தாக்கும் ஒருவகை மூளை அழற்சி, பார்ப்பதற்குப் பேய் பிடித்தது போலவே இருக்கும். ஸ்பானிய நரம்பியல் மருத்துவர் யோசெப் டால்மாவ் குழுவினர் அதன் காரணத்தை அடையாளம் கண்டது 2007இல்தான். அதற்கு முன் அந்நோய் வந்த இளம்பெண்களில் எத்தனை பேர் வேலனிடமே விடப்பட்டிருப்பார்கள்!

மனநல மருத்துவர் முதலில் ஒரு மருத்துவர். எம்பிபிஎஸ் படித்து, அதற்கு மேல் மனநல மருத்துவத்தில் பல ஆண்டு சிறப்புப் பயிற்சி பெற்றவர். மருந்து எழுதலாம், மருத்துவமனையில் சேர்க்கலாம். உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். சோதனைகளும் பேச்சுவழிச் சிகிச்சையும் அவருடைய பணி. ஆலோசகர் இன்னொரு துறை. பலருக்கு இவர்களில் இருவர் சேர்ந்து தேவைப்படுவார்கள். மனச்சோர்வுக்கான மருந்து வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும் என்பதை முன்கூட்டியே அறியாதவர்கள் பத்தாம் நாளே மாத்திரையை நிறுத்திவிட்டு, பலனில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

சாமி வந்து ஆடுவதை இந்த மருத்துவர்கள் நோய் என்று எழுதிவிடுவார்கள் என்ற அச்சம் பக்தர்களுக்கு உண்டு. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை அலகு குத்திக் காவடி சுமந்து நடக்கிறவரின் கண் செருகி, உடல் நடுங்குகிறது. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் பூக்குழியில் இறங்குகிறவரும் அப்படித்தான். இவர்கள் நோயாளிகளா? உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலே, 'இல்லை' என்று சொல்லிவிட்டது. ஒருவர் விரும்பி மேற்கொள்வதும், அவருடைய சமயமும் பண்பாடும் ஏற்பதும் நோயாகாது. விரும்பாமல் வருவது, அடக்க முடியாதது, வேலையையும் உறவையும் குலைத்துத் துன்பம் தருவது எதுவோ அதுதான் மருத்துவம் பார்க்க வேண்டிய நிலை.

இந்தக் கோட்டைச் சிங்கப்பூரிலேயே ஒருவர் நுணுக்கமாக ஆராய்ந்தார். மனநல மருத்துவர் இங் பெங் இயோங், அன்றைய வூட்பிரிட்ஜ் மருத்துவமனைக்கு ஆவேச நிலையில் கொண்டுவரப்பட்ட 58 பேரை மனச்சோர்வு கொண்ட 58 பேரோடு ஒப்பிட்டு, சான் இயோங் ஹுவாவுடன் சேர்ந்து 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களை ஆவேசத்துக்குத் தள்ளியவை எவை? இராணுவ வாழ்வின் நெருக்கடி, சமயமும் பண்பாடும் சார்ந்த மோதல், குடும்பத்தில் பூசல். தேசிய சேவைக்குப் போன மகன், மதம் மாறிய மருமகள், பேச்சற்றுப்போன கணவன் மனைவி என்று இவை சிங்கப்பூரின் ஒவ்வொரு அடுக்குமாடி வீட்டுக்கும் தெரிந்த கதைகள். வாயால் சொல்ல முடியாததை உடல் சொல்லியிருக்கிறது. குறிஞ்சிப் பாடலின் தோழி அறிந்திருந்ததும் இதைத்தான்.

இனி இன்னும் ஆழமான தடை ஒன்று. 'மனக் கவலைக்கு மாத்திரையா? அப்படியானால் ஆன்மா என்று ஒன்று இல்லையா?' படித்தவர்களும் பக்தர்களும் ஒருசேரத் தயங்குமிடம் இது. மனத்தைத் தொடும் மருந்து உயிரையே தொட்டுவிடுமோ என்ற பயம்.

சைவ சித்தாந்தத்தைத் தங்கள் சமயமாகக் கொண்டவர்கள் இதற்குப் பதிலை வெளியே தேட வேண்டியதில்லை. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் மிகத் தெளிவாகப் பிரித்துவைத்தார். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் ஆகிய நான்கும் அந்தக்கரணங்கள், அதாவது உள்கருவிகள். அவை உயிர் அல்ல. கண்ணும் காதும் போல அவையும் மாயையிலிருந்து தோன்றியவை, சடப்பொருள். உயிர் அவற்றைக் கொண்டு அறிகிறது, அவ்வளவே. அப்படியானால் மனம் கலங்குவது கண்ணில் புரை விழுவதைப் போன்ற ஒன்று. புரைக்கு அறுவை செய்துகொண்டவரின் ஆன்மா குறைபட்டதாக எந்த ஆதீனமும் சொன்னதில்லை. மனச்சிதைவுக்கு மருந்து உண்பவரின் உயிரும் அப்படியே முழுமையாக இருக்கிறது. மனநோய் வந்தவரை 'கெட்டுப்போன ஆத்மா' என்று ஒதுக்குகிறவர், தம் சமயத்தின் அடிப்படைப் பாடத்துக்கே எதிராகப் பேசுகிறார். சித்த மருத்துவமும் மனநோயைக் 'கிரிகை' என்று பெயரிட்டுப் பதினெட்டு வகையாகப் பிரித்து மருந்து சொன்னது. நம் முன்னோர் மனத்துக்கு மருந்து தேடியவர்கள்தாம்.

சடப்பொருள் மனத்தின் இடத்தில் என்னென்ன செய்யக்கூடும் என்பதற்கு இந்தப் பகுதியின் வரலாற்றிலேயே ஒரு துயரமான சான்று உள்ளது. சிங்கப்பூரின் முதல் மனநோயாளர் விடுதி 1841இல் பிராஸ் பசா சாலையும் பென்கூலன் தெருவும் சந்திக்கும் இடத்தில் எழுந்தது. 1862இல் அது கண்டாங் கெர்பாவ் பக்கம், இன்றைய லிட்டில் இந்தியாவின் ஓரத்துக்கு வந்தது. 1887இல் செப்போய் லைன்ஸுக்குப் போனது. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இத்தகைய விடுதிகளில் மக்களைக் கொன்ற நோய் பெரிபெரி. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் நின்றுபோகும். இடத்தின் தோஷம் என்றார்கள், கட்டடத்தில் ஒட்டிய கிருமி என்றார்கள்.

1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் மருத்துவர் வில்லியம் ஃபிளெச்சர் அங்கிருந்தவர்களை வரிசையில் நிறுத்தி எண்ண வைத்தார். ஒற்றைப்படை எண்ணினர் ஒரு பக்கம், இரட்டைப்படை எண்ணினர் மறுபக்கம். ஒரு சாராருக்குத் தீட்டிய சயாம் பச்சரிசி, மறுசாராருக்கு இந்தியப் புழுங்கலரிசி. இடத்தின் தோஷமா என்று அறிய, நடுவில் இரு சாராரின் கட்டடங்களையும் மாற்றிப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கலரிசி உண்டவர்களில் இருவருக்கு மட்டுமே அந்நோய் இருந்தது. அவர்களும் அதனோடு வந்து சேர்ந்தவர்கள். ஃபிளெச்சரின் கட்டுரை 1907இல் லான்செட் இதழில் வந்தது. மலாயாத் தோட்டங்களில் தமிழருக்குப் பெரிபெரி அரிதாகவே வந்ததன் காரணமும் இதுதான். அவர்கள் பானையில் வெந்தது புழுங்கலரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அந்தச் சத்துதான் தயமின் என்று பின்னாளில் பெயர் பெற்றது.

அந்தச் சோதனைக்கு உட்பட்டவர்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். மனநல மருத்துவத்தின் வரலாறு கறையற்றது அல்ல. ஆனால் அவர்கள் இறப்பால் தெரியவந்த உண்மை இன்றும் உயிர் காக்கிறது. நெடுநாள் குடிப்பழக்கம் உள்ளவருக்குத் தயமின் அற்றுப்போனால் நடை தள்ளாடும், கண் அலையும், அறிவு குழம்பும், நினைவு அழியும். கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் இந்நிலையை 1881இல் விவரித்தார். உறவினர் கண்ணுக்கு அது பித்து, அல்லது யாரோ வைத்த சூனியம். மருத்துவமனையில் நேரத்தோடு போடும் தயமின் ஊசி அந்த மனிதரின் நினைவையே காப்பாற்றக்கூடும்.

ஆனால் எல்லாத் துன்பமும் அரிசித் தவிட்டில் அடங்கிவிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தேக்காவிலும் ரேஸ் கோர்ஸ் சாலையிலும் கூடும் தமிழக, வங்கதேச ஊழியர்களைப் பார்த்தால் இது விளங்கும். சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழக ஆய்வாளர் நிக்கலஸ் ஹாரிகனும் கோ சியூ யீயும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், வேலையிடக் காயத்துக்கோ சம்பளப் பாக்கிக்கோ வழக்காடிக் காத்திருந்த தெற்காசிய ஊழியர்களில் 62 விழுக்காட்டினர் கடும் மனப்பாதிப்பு இருக்கக்கூடிய நிலையில் இருந்தார்கள். முகவருக்குக் கொடுத்த கடன், தங்க இடமின்மை, திருப்பி அனுப்பிவிடுவோம் என்ற மிரட்டல் ஆகியவை அவர்களை அந்நிலைக்குத் தள்ளின. இவர்களுக்கு மருத்துவர் தூக்கத்துக்கு மாத்திரை தரலாம், தரவும் வேண்டும். ஆனால் சம்பளப் பாக்கிக்கு மாத்திரை இல்லை. 2008 முதல் 'கஃப் ரோடு' திட்டத்தின் மூலம் இத்தகைய ஊழியர்களுக்கு இலவச உணவு தந்துவரும் டிடபிள்யூசி2 அமைப்பும், மருத்துவமும் ஆலோசனையும் தரும் ஹெல்த்சர்வ் அமைப்பும் செய்வதும் மனநலப் பணியே. 2020இல் தங்குவிடுதிகள் அடைக்கப்பட்டபோது எழுந்த வேதனையைக் கண்டு, அவ்வாண்டு நவம்பரில் அரசும் 'புரோஜெக்ட் டான்' என்ற பணிக்குழுவை அமைத்தது.

இனி வினைக்கு வருவோம். 'போன பிறவியில் செய்தது, அனுபவிக்கத்தான் வேண்டும்' என்பது ஆறுதலாகத் தொடங்கித் தண்டனையாக முடியும் பேச்சு. பெரியபுராணம் ஒரு நிகழ்ச்சி சொல்கிறது. இன்றைய திருச்செங்கோட்டில் திருஞானசம்பந்தர் தங்கியிருந்தபோது அடியார்கள் குளிர்சுரத்தால் வாடினார்கள். அங்கே அவர் பாடிய திருநீலகண்டப் பதிகம், வினையென்று சொல்லிக்கொண்டு சும்மா இருப்பதையே இடித்துரைக்கிறது. வினைக் கோட்பாட்டை முழுமையாக ஏற்ற ஒருவரின் வாக்கு அது. வினை உண்டு என்பதிலிருந்து, பிறர் நோயைப் பார்த்துத் தீர்ப்பெழுதும் உரிமை நமக்கு வந்துவிடாது.

தீர்ப்பெழுதுவது சங்கிலியில் முடியும் என்பதைத் தமிழகத்தின் ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அந்த தர்கா ஊரில் தனியார் நடத்திய மனநோயாளர் இல்லம் தீப்பற்றியது. கட்டிப்போடப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். குணமாகும் என்று நம்பித்தான் குடும்பங்கள் அவர்களை அந்த ஊரில் விட்டுச் சென்றிருந்தன.

அதற்காக வழிபாட்டிடங்கள் எல்லாம் கேடு என்று முடிவு கட்டுவதும் நேர்மையாகாது. மனநல மருத்துவர் ரகுராமும் அவர் குழுவினரும் தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளை ஆராய்ந்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. அங்கே மந்திரம் இல்லை, விசேஷச் சடங்கும் இல்லை. கோயிலைப் பெருக்கிக் கழுவும் சிறு வேலைகள் இருந்தன, உடன் தங்கும் உறவினரும் ஏசாத மனிதர்களும் இருந்தார்கள். சிறிய ஆய்வு இது, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. ஆகவே மருந்துக்குப் பதில் கோயில் என்று யாரும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏற்கப்படுவதே பாதி சிகிச்சை என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். குணசீலம் பெருமாள் கோயிலில் மனநோயாளிகள் 48 நாள் தங்கும் வழக்கத்தோடு மருத்துவரின் கண்காணிப்பும் பின்னர் சேர்ந்தது. ஏர்வாடியிலேயே தொழுகையோடு மருந்தும் தரும் திட்டத்தைத் தமிழக அரசு கொண்டுவந்தது. திருநீறு ஒரு கையில், மாத்திரை மறுகையில் என்பதில் எந்த முரணும் இல்லை. சென்னையில் 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கிய சாரதா மேனன் வாழ்நாளெல்லாம் செய்த பணி, குடும்பத்தையே சிகிச்சையின் பங்காளியாக்கியதுதான்.

சிங்கப்பூரில் மருத்துவரைத் தேடுவது பலர் அஞ்சுவது போல் கடினமானதல்ல. வீட்டருகே உள்ள பலதுறை மருந்தகத்துக்கு முதலில் போகலாம். பரிந்துரைக் கடிதத்தோடு அங்கிருந்து அனுப்பப்படும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொது மருத்துவமனையில் மானியக் கட்டணம் கிடைக்கும். மனச்சோர்வு, மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு, பதற்ற நோய் ஆகியவற்றின் வெளிநோயாளர் சிகிச்சைக்கு வரம்புக்குட்பட்டு மெடிசேவ் மருத்துவச் சேமிப்புப் பணத்தைப் பயன்படுத்தலாம். 16 முதல் 30 வயதுள்ளவர்களுக்கு 2009 முதல் இயங்கும் 'சாட்' சேவை இலவசமாக மதிப்பீடு செய்கிறது. தனியார் மருத்துவரை நாடினால், அவர் மனநல மருத்துவ நிபுணராகப் பதிவு பெற்றவரா என்பதைச் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். தமிழில் பேச வேண்டுமா? நேரம் குறிக்கும்போதே கேட்டுவிடுங்கள். குரல் கேட்பதையும் குலதெய்வத்தின் கோபத்தையும் அரைகுறை ஆங்கிலத்தில் விளக்க முயன்று, பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டுத் திரும்பியவர்கள் அநேகர்.

முதியவர்கள் மனத்தில் இன்னும் பழைய வூட்பிரிட்ஜ் இருக்கிறது. 1928இல் இயோ சூ காங் சாலையில் திறந்து, 1951இல் அந்தப் பெயரைப் பெற்ற மருத்துவமனையின் பெயர் பள்ளிக்கூடங்களில் வசைச்சொல்லாகவே புழங்கியது. உள்ளே போனால் வெளியே வர முடியாது என்றார்கள். 1993இல் அது புவாங்கோக்குக்கு இடம் பெயர்ந்து மனநலக் கழகமானது. அங்கே இன்று பெரும்பாலோர் மருத்துவரைப் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்புகிறார்கள். தமக்கோ பிறருக்கோ ஆபத்தானவர் என்று கருதப்படுகிறவரை மட்டும் சட்டப்படி முதலில் 72 மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டுமானால் இன்னொரு மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். தற்கொலைக்கு முயல்வது 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் குற்றமல்ல. போலீஸ் வழக்குக்கு அஞ்சி இதை மறைத்த காலம் முடிந்துவிட்டது. வேலை விண்ணப்பத்தில் மனநோய் பற்றிக் கேட்கக் கூடாது என்ற வழிகாட்டுதலும் அதே 2020இல் வந்தது.

உங்கள் வீட்டில் ஒருவர் பல நாளாக உறங்காமல், உண்ணாமல், தனக்குள் பேசிக்கொண்டிருந்தால், காரணம் வினையா கிரகமா என்ற விவாதம் முடியும் வரை காத்திருக்காதீர்கள். அர்ச்சனைக்குக் கொடுத்த பெயரையும் நட்சத்திரத்தையும் போல, எந்த நாளில் தொடங்கியது, எத்தனை மணி நேரம் உறங்குகிறார் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவு இரவும் பகலும் திறந்திருக்கும். அதன் உதவித் தொலைபேசி 6389 2222. தேசிய மனநல உதவி எண் 1771. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறவர்கள் 1767ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம்.